நெய்யாறும் இரண்டு மழைகளும்

தில்லியிலிருந்தோ மும்பையிலிருந்தோ கன்னியாகுமரிக்கு ரயிலேறும் தமிழன்பர்கள், திருவனந்தபுரத்தைக் கடந்த சிறிது நேரத்தில் நெய்யாற்றின்கரை, அமரவிளை, தனுவச்சபுரம், பாறசாலை என்னும் நிலையங்களை வரிசையாகக் காண்பார்கள். பாறசாலைக்கு அப்பால் வரும் குழித்துறை தமிழ்நாட்டைச் சேர்ந்தது. நடுவே ஒரு மாநில எல்லை இருக்கிறது என்பதைப் பலகை சொன்னாலன்றி அறிய முடியாது. இருபுறமும் அதே தென்னை, அதே வாழை, அதே மரச்சீனித் தோட்டம். வீட்டில் ஒரு மொழியும் சந்தையில் மற்றொரு மொழியும் பேசும் குடும்பங்கள் இருபுறமும் உண்டு.

1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் மனிதர் வகுத்த எல்லை இது. ஆனால் இதே நிலப்பரப்பில், இதற்கு எத்தனையோ காலம் முன்பே இயற்கை மற்றோர் எல்லையை வகுத்திருக்கிறது. தென்மேற்குப் பருவமழையின் ஆட்சி தளர்ந்து, வடகிழக்குப் பருவமழையின் ஆட்சி வலுப்பெறத் தொடங்கும் இடம் இது. முன்னதைக் கோடு போட்டுக் காட்டலாம். பின்னதைக் காட்ட முடியாது. ஏனெனில் அது ஆண்டுக்கு ஆண்டு நகரும். இந்த நகரும் எல்லைக்கும் நகராத எல்லைக்கும் இடையே அகப்பட்டுக்கொண்ட ஓர் ஆற்றின் வரலாறே இன்று நாம் சொல்லப் புகுந்தது.

நெய்யாறு, அகத்திய மலையில் பிறக்கிறது. பொதியில் என்று பழந்தமிழர் போற்றிய மலைத்தொடர் அது. 1,868 மீட்டர் உயரமுள்ள அதன் சிகரத்துக்குக் கிழக்கே இறங்கும் நீர் பொருநையாகிப் பாண்டி நாட்டை வாழ்விக்கிறது. மேற்கே இறங்கும் நீரில் ஒரு பகுதி கரமனை ஆறாகவும், ஒரு பகுதி நெய்யாறாகவும் சேர நாட்டுக் கடலை நாடுகிறது. நெய்யாற்றின் நீளம் ஏறத்தாழ 56 கிலோமீட்டர் மட்டுமே. அதன் கரையில் அமைந்த ஊர் நெய்யாற்றின்கரை. அது கடலோடு கலக்குமிடம் பூவாறு. இமயத்து ஆறுகளைப் போல் கோடையில் உருகித் தர இதற்குப் பனி இல்லை. மலையில் பெய்த மழை விரைவில் கடலைச் சேர்ந்துவிடும். காட்டு மண்ணும் வேர்களும் பிடித்து வைத்துக் கசியவிடும் ஈரமே இதன் சேமிப்பு. ஆகவே, வானம் தவறினால் ஆறும் உடனே தவறும்.

கேரளத்தின் ஆண்டு மழை சராசரியாக 300 சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. வடக்கே கண்ணூர், காசர்கோடு பக்கங்களில் அதனினும் மிகுதி. தெற்கே வரவரக் குறைந்து, திருவனந்தபுரத்தில் ஏறத்தாழ 180 சென்டிமீட்டராகிறது. கன்னியாகுமரி மாவட்டத்தில் மேலும் குறைகிறது. வடக்கே ஆண்டு மழையின் பெரும்பங்கைத் தென்மேற்குப் பருவம் ஒன்றே தந்துவிடுகிறது. எல்லையோரச் சிற்றூர்களிலோ அவ்வாறில்லை. ஜூன் தொடக்கத்தில் வரும் இடவப்பாதியும், ஐப்பசியில் இடி மின்னலோடு வரும் துலாவர்ஷமும் இங்கே ஏறக்குறைய சரிபாதிக் கூட்டாளிகள்.

இதை நம் முன்னோர் எவ்வளவு நுட்பமாக உணர்ந்திருந்தனர் என்பதற்குப் பயிர்களின் பெயர்களே சான்று. தென் திருவிதாங்கூர் வயல்களில் இரண்டு போகம். கன்னி மாதமாகிய புரட்டாசியில் அறுவடையாவது கன்னிப்பூ. கும்ப மாதமாகிய மாசியில் அறுவடையாவது கும்பப்பூ. முன்னது முதல் மழையின் பிள்ளை. பின்னது இரண்டாம் மழையின் பிள்ளை. ஒன்று பொய்த்தாலும் மற்றொன்று காக்கும் என்பது குடியானவனின் கணக்கு. இரண்டு மழைக்கும் இடைப்பட்ட காலத்தைக் கடக்கக் குளங்களை வெட்டினார்கள். பாறசாலைக்கு அருகே உதியன்குளங்கரை என்றும் குளத்தூர் என்றும் வழங்கும் ஊர்ப்பெயர்கள் அந்த ஏற்பாட்டை இன்றும் நினைவூட்டுகின்றன.

எனினும் இரண்டு மழையும் ஒருசேரக் கைவிட்ட ஆண்டுகள் இல்லாமல் இல்லை. 1860ஆம் ஆண்டை ஒட்டித் தென் திருவிதாங்கூரைப் பஞ்சமும் கொள்ளை நோயும் வாட்டின. 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா, மரச்சீனிப் பயிரை நாடெங்கும் பரப்ப ஊக்கம் காட்டினார். அது நீர் அதிகம் கேளாத கிழங்கு. நெல் பொய்த்த ஆண்டிலும் வயிற்றை நிரப்பும். இன்று எல்லையோரத்து உணவாக நாம் விரும்பி உண்ணும் மரச்சீனிக்கும் மீன்கறிக்கும் பின்னால், மழை பொய்த்த ஆண்டுகளின் அச்சமும் இருக்கிறது.

மழையை அளந்து எழுதி வைக்கும் முயற்சியிலும் இப்பகுதி பின்தங்கியதன்று. சுவாதித் திருநாள் மகாராஜா 1837ஆம் ஆண்டில் திருவனந்தபுரத்தில் ஒரு வானாய்வு நிலையத்தை நிறுவினார். ஆலப்புழையில் வாணிக முகவராயிருந்த ஜான் கால்டிகாட் என்பவரை அதன் தலைவராக்கினார். அவருக்குப்பின் 1852இல் பொறுப்பேற்ற ஜான் ஆலன் பிரவுன், சமவெளியில் எடுக்கும் அளவுகள் மட்டும் போதா என்று கருதினார். காற்றும் காந்தமும் உயரத்துக்கேற்ப எவ்வாறு மாறுகின்றன என்று காண விரும்பி, 1855இல் அகத்திய மலையின் உச்சிப் பகுதியிலேயே ஒரு நிலையத்தை அமைத்தார். நெய்யாறு பிறக்கும் அதே மலையில், யானைகள் உலவும் காட்டைக் கடந்து ஆட்களை அனுப்பி, காற்றழுத்தத்தையும் வெப்பத்தையும் குறிக்கச் செய்தார். ஓர் ஊரின் மழையை அறிய அந்த ஊரின் முற்றத்தில் நின்று வானத்தைப் பார்த்தால் போதாது என்பதை அவர் அறிந்திருந்தார். ஆனால் எவ்வளவு தொலைவு பார்க்க வேண்டும் என்பது பின்னரே தெரிய வந்தது.

அதைத் தெரிவித்தது 1876 முதல் 1878 வரை நிகழ்ந்த பெரும் பஞ்சம். சென்னை மாகாணம், மைசூர், பம்பாய், ஐதராபாத் ஆகிய பகுதிகளில் ஐம்பது லட்சத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர் என்று மதிப்பிடுகிறார்கள். அதே 1877ஆம் ஆண்டில் எகிப்தில் நைல் நதியின் வெள்ளம் மிகவும் தாழ்ந்தது. அதே ஆண்டில் பிரேசில் நாட்டின் வடகிழக்கிலும் கொடிய வறட்சி தொடங்கிற்று. மூன்று கண்டங்களில் ஒரே வேளையில் வானம் பொய்ப்பது தற்செயலாகுமா?

இக்கேள்விக்கு விடை தேடியவர்களுள் முதன்மையானவர் கில்பர்ட் வாக்கர். கணித மேதையாகிய இவர், 1904 முதல் 1924 வரை இந்திய வானிலைத் துறையின் தலைவராக இருந்தார். உலகின் பல நிலையங்களிலிருந்து காற்றழுத்தக் கணக்குகளைத் தருவித்து ஒன்றோடொன்று ஒப்பிட்டார். பசிபிக் பெருங்கடலின் மேல் அழுத்தம் ஏறும்போது இந்துமாக்கடலின் மேல் இறங்குகிறது. அங்கே இறங்கும்போது இங்கே ஏறுகிறது என்று கண்டார். ஏற்றப் பலகையின் இருமுனை போன்ற இந்த இயக்கத்துக்குத் ‘தென் ஊசலாட்டம்’ என்று பெயரிட்டார். இதன் காரணத்தை 1969இல் விளக்கியவர் நார்வே வழிவந்த அறிஞர் பியர்க்னெஸ். பசிபிக் கடலில் கிழக்கிலிருந்து மேற்கே வீசும் காற்று, வெப்பநீரை இந்தோனேசியப் பக்கம் தள்ளிக் குவிக்கிறது. அந்தக் காற்றுத் தளர்ந்தால் வெப்பநீர் கிழக்கே திரும்புகிறது; மழை மேகம் எழும் இடமும் உடன் நகர்கிறது. தென்னமெரிக்க மீனவர் இந்த வெப்பநீருக்கு இட்ட பெயரே எல் நினோ. கிறிஸ்துமஸை ஒட்டி வருவதால் ‘குழந்தை’ என்னும் பொருளில் அப்பெயரை வைத்தனர். பெயர் குழந்தையாயினும், 1972, 1987, 2002, 2009 ஆகிய ஆண்டுகளில் நம் தென்மேற்குப் பருவமழையை அது நலியச் செய்தது.

இங்கேதான் எல்லையோரச் சிற்றூர்களின் நிலை தனித்தன்மை பெறுகிறது. எல் நினோ தென்மேற்குப் பருவத்தை நலிவிக்க முனைகிறது. ஆனால் அதே ஆண்டின் பிற்பகுதியில் தென்னிந்தியாவின் வடகிழக்குப் பருவத்தைப் பெரும்பாலும் வலுப்படுத்துகிறது. 2015இல் சென்னை மூழ்கியது நினைவிருக்கும். அது வலிய எல் நினோ ஆண்டு. ஆகவே கன்னிப்பூ வாடிய ஆண்டிலேயே கும்பப்பூ செழிக்கக்கூடும். இதனோடு இந்துமாக்கடலுக்கும் தனக்கென ஓர் ஊசலாட்டம் உண்டு. ஆப்பிரிக்கப் பக்கத்து நீர் வெப்பமாகவும் சுமத்திராப் பக்கத்து நீர் குளிர்ந்தும் இருக்கும் நிலையை 1999இல் சஜி, யமகட்டா முதலிய ஆய்வாளர்கள் விளக்கினர். 1997இல் எல் நினோ மிக வலுவாயிருந்தும் இந்தியாவில் தென்மேற்கு மழை பெரிதும் குறையாததற்கு இதுவும் ஒரு காரணம் என்பர். இவ்வாறு இரு கடல்களின் இழுபறியில் அமைவது நெய்யாற்றின் ஓட்டம். ஒரு கடலை மட்டும் பார்த்து அதன் எதிர்காலத்தைச் சொல்லிவிட முடியாது.

இனி, மழைக்கும் ஆற்றுக்கும் உள்ள கணக்கைச் சற்று நோக்குவோம். அரசாங்க அறிக்கைகளில் ‘இயல்பான மழை’ என்ற தொடர் அடிக்கடி வரும். மொழிபெயர்ப்போருக்கு எளிய தொடர். ஆனால் பொருளில் எளியதன்று. வானிலைத் துறையின் வழக்கப்படி, ஒரு மாவட்டத்தின் மழை நீண்டகாலச் சராசரியிலிருந்து 19 விழுக்காடு வரை கூடினாலும் குறைந்தாலும் அதற்கு ‘இயல்பு’ என்றே பெயர். மழைக்கு அது பொருந்தலாம். ஆற்றுக்குப் பொருந்துமா?

விளக்கத்துக்காக ஓர் எண்ணைக் கொள்வோம். ஒரு மலைச்சரிவில் நூறு பங்கு மழை பெய்கிறது. அதில் ஐம்பது பங்கை மரமும் மண்ணும் வெயிலும் எடுத்துக்கொள்ள, எஞ்சிய ஐம்பது ஆற்றுக்கு வருகிறது என்க. மறு ஆண்டு மழை எண்பத்தொன்றாகக் குறைகிறது. மரத்தின் தாகம் அதனால் பெரிதும் குறையாது. அது தன் ஐம்பதை முதலில் எடுத்துக்கொள்ளும். ஆற்றுக்கு மிஞ்சுவது முப்பத்தொன்று. மழையில் 19 விழுக்காடு குறைவு, ஆற்றில் 38 விழுக்காடு குறைவாக வந்து முடிகிறது! அறிக்கை ‘இயல்பு’ என்கிறது. கால்வாயின் கடைமடையில் நிற்பவனோ தரையைக் காண்கிறான். மாறாக மழை 119 பங்காயின், ஆற்றுக்கு 69 வரும். அப்போது கரை உடையும். வெப்ப நாட்டு ஆறுகள் பலவற்றின் இயல்பு இதுவே: மழையின் சிறு ஏற்றத்தாழ்வைப் பெரிதாக்கிக் காட்டும் கண்ணாடி அவை.

இந்த ஏற்றத்தாழ்வைச் சமன்செய்யவே அணைகள் எழுந்தன. ஸ்ரீமூலம் திருநாள் காலத்தில், 1897இல் தொடங்கி 1906இல், கோதையாற்றின் குறுக்கே பேச்சிப்பாறை அணை கட்டி முடிக்கப்பட்டது. அதன் பொறியாளர் மிஞ்சின் என்பவரின் கல்லறை அணைக்கருகிலேயே இருக்கிறது. 1950களின் தொடக்கத்தில் பறளியாற்றில் பெருஞ்சாணி அணை எழுந்தது. 1966இல் பறளியாற்றுப் பள்ளத்தாக்கின் குறுக்கே, நூறடிக்கும் மேற்பட்ட உயரத்தில், மாத்தூர்த் தொட்டிப்பாலம் அமைந்தது. கால்வாய் நீர் ஆகாயத்தில் நடந்து விளவங்கோட்டு மேட்டுநிலத்தைச் சேர்ந்தது.

நெய்யாற்றுத் திட்டம் 1951இல், திருவிதாங்கூர்–கொச்சி அரசின்கீழ்த் தொடங்கிற்று. அன்று நெய்யாற்றின்கரைத் தாலுகாவும் விளவங்கோட்டுத் தாலுகாவும் ஒரே மாநிலத்தின் அண்டை வீடுகள். அணையிலிருந்து இடதுகரைக் கால்வாய் பாறசாலைப் பக்கம் வந்து, அப்பால் விளவங்கோட்டு வயல்களுக்கும் செல்வதாகத் திட்டம் வகுத்தபோது, இடையே ஓர் எல்லை வரும் என்பதைப் பொறியாளர் கருத வேண்டியிருக்கவில்லை. ஆனால் வந்தது. திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸின் தலைவர் நேசமணி முதலியோர் நெய்யாற்றின்கரையையும் சேர்த்தே கேட்டனர். முடிவில் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்து கன்னியாகுமரி மாவட்டமாயின. நெய்யாற்றின்கரையும் பாறசாலையும் கேரளத்தில் நின்றன. அணை 1958இல் எழுந்தபோது, அதன் தலைமடை ஒரு மாநிலத்திலும் கடைமடையின் ஒரு பகுதி மற்றொரு மாநிலத்திலும் இருந்தது.

பல ஆண்டுகள் நீர் வந்தது. விளவங்கோட்டில் ஏறத்தாழ 9,200 ஏக்கர் இக்கால்வாயை நம்பியிருந்தது. 2004ஆம் ஆண்டு முதல் கேரளம் நீரை நிறுத்தியது. 2012இல் தமிழ்நாடு உச்ச நீதிமன்றத்தை நாடியது. நெய்யாறு தன் மண்ணிலேயே பிறந்து தன் கடலிலேயே கலப்பது என்பது கேரளத்தின் வாதம். திட்டம் வகுத்த நாளிலேயே விளவங்கோடு அதன் பாசனப் பரப்பில் இருந்தது என்பது தமிழ்நாட்டின் வாதம். எவர் வாதம் வலுவுள்ளது என்று தீர்ப்பது நம் வேலையன்று. ஆனால் வரலாற்றை நோக்குவோர் ஒன்றைக் கவனிக்கலாம். ஆறு யாருக்கு உரியது என்பதே பேச்சாயிற்று. ஆறு குறைந்த ஆண்டில் குறைவை எவ்வாறு பகிர்வது என்பது பேச்சுக்கே பெரிதாக வரவில்லை.

குறைவாண்டு கற்பனையன்று. 2016இல் கேரளத்தின் தென்மேற்கு மழை மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. அடுத்து வந்த வடகிழக்குப் பருவம் கேரளத்தையும் தமிழ்நாட்டையும் ஒருங்கே கைவிட்டது. தமிழ்நாட்டில் அது 62 விழுக்காடு குறைவு. ஒரு மழை போனால் மறு மழை காக்கும் என்ற பழைய கணக்கு அந்த ஆண்டில் பொய்த்தது. 2017 கோடையில் கரமனையாற்றின் பேப்பாறை நீர்த்தேக்கம் வற்றியபோது, திருவனந்தபுரத்தின் குடிநீருக்காக நெய்யாற்று நீரை இறைத்து அருவிக்கரைக்கு அனுப்ப நேர்ந்தது. வயலுக்கென்று கட்டிய அணை, தலைநகரத்தின் தாகத்துக்கும் ஈடுகொடுத்தது. அத்தகைய ஆண்டில் எல்லைக்கு இப்பால் பாறசாலைக் குடியானவனும் அப்பால் விளவங்கோட்டுக் குடியானவனும் ஒரே வரிசையில் நிற்கிறார்கள்.

மறுபக்கமும் உண்டு. அதே 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் கன்னியாகுமரி, திருவனந்தபுரம் கடலோரங்களைத் தாக்கிப் பல மீனவர் உயிரைக் குடித்தது. 2018 ஆகஸ்டில் கேரளம் வெள்ளத்தில் ஆழ்ந்தது. நானூறுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். 2021 நவம்பரில் பெய்த கனமழையில் திருவனந்தபுரம்–நாகர்கோவில் இருப்புப் பாதையில் மண் சரிந்து ரயில்கள் நின்றன. மேற்கு இந்துமாக்கடல், கடந்த நூற்றாண்டில் ஒரு பாகைக்கும் மேல் வெப்பமேறியிருக்கிறது. காற்று ஒரு பாகை சூடேறினால் ஏறத்தாழ ஏழு விழுக்காடு கூடுதல் ஈரத்தைத் தாங்கும். ஆகவே பெய்யாத நாட்கள் நீள்கின்ற ஆண்டிலும், பெய்யும் நாள் கொட்டித் தீர்க்கக்கூடும். இரு முனைகளும் விலகும்போது நடுவிலுள்ள சராசரி மட்டும் மாறாமல் இருப்பதில் நமக்கு என்ன ஆறுதல்?

பெங்களூரிலும் மைசூரிலும் வாழும் தமிழர்களுக்கு இது புதிய செய்தியன்று. காவிரியில் மழை நிறைந்த ஆண்டுகளில் எவரும் வழக்கைப் பற்றிப் பேசுவதில்லை. 2002, 2012, 2016 போன்ற குறைவாண்டுகளிலேயே வீதிகள் கொதித்தன. நடுவர் மன்றம் 2007இல் 740 டி.எம்.சி. என்று கணக்கிட்டுப் பங்கிட்டது. நீர் குறைந்த ஆண்டில் விகிதப்படி குறைத்துக்கொள்க என்றது. அந்த விகிதத்தை எந்த மாதத்தில், எந்த அளவைக் கொண்டு கணிப்பது என்பதில்தான் பூசல் மீண்டும் மீண்டும் முளைத்தது. நெய்யாறு காவிரியின் முன் ஒரு வாய்க்கால். ஆனால் பாடம் ஒன்றே: குறைவுக்கான ஒப்பந்தத்தை நிறைவான ஆண்டில் எழுதிக்கொள்ள வேண்டும்.

அவ்வாறு எழுதுவதற்கு முதலில் வேண்டுவது பொதுவான அளவை. அகத்திய மலையின் மழை, அணைக்கு வரும் நீர், கால்வாயில் விடும் நீர் ஆகியவற்றை இரு மாநிலத்தாரும் ஒரே ஏட்டில் காண வேண்டும். இரண்டாவது, மாதந்தோறும் நீர் இருப்பைப் பொறுத்து மாறும் பங்கு. அதில் குடிநீருக்கும் நின்ற பயிருக்கும் முதலிடம். மூன்றாவது, நம் கையிலேயே இருப்பது: குளங்கள். கேரளத்தில் 1970களில் 8 லட்சம் ஹெக்டேருக்கும் மேலிருந்த நெல்வயல், இப்போது ஏறத்தாழ 2 லட்சமாகச் சுருங்கிவிட்டது. வயல் போனபின் அதற்கு நீர் தந்த குளத்தை எவர் காப்பார்? தூர்ந்துபோன குளம், இடவப்பாதியின் மிகுதியை ஏற்பதுமில்லை. ஐப்பசிக்கு முந்திய வறட்சியில் உதவுவதுமில்லை.

அயலூரில் வாழும் நம்மில் பலருக்கு அங்கே ஒரு துண்டு நிலமோ, பாகம் பிரிக்காத ஒரு தோட்டமோ உண்டு. அதை விற்பதற்கும் வாழை வைப்பதற்கும் வீடு கட்டுவதற்கும் தொலைபேசியில் முடிவு சொல்கிறோம். அப்படிச் சொல்லும்போது, அந்நிலத்தின் ஓரத்தில் ஒரு பழைய குளமோ, குளத்துக்கு நீர் கொணரும் ஓடையோ இருக்கிறதா என்று ஒரு கேள்வி கேட்கலாம். இருந்தால் அதை அடைக்காமல் விட்டுவைக்கச் சொல்லலாம். அரசுகளின் வழக்கு முடியும்போது முடியட்டும். பசிபிக் கடலின் காற்றை மாற்ற நம்மால் ஆகாது. ஆனால் இரண்டு மழைக்கும் இடைப்பட்ட அந்தச் சில மாதங்களைக் கடத்தும் நீரை ஊரிலேயே நிறுத்தி வைக்க நம் முன்னோரால் ஆயிற்று; நம்மாலும் ஆகும்.